மாமன், மச்சான், பாஸ்வேர்டு: உத்திரமேரூர்க் கல்வெட்டை முன்வைத்து ஓர் ஆய்வு

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் சொல்வது ஒன்றுதான்: ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே இங்கே எலக்‌ஷன் நடந்திருக்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய எழுத்துகள் அவை. குடவோலை முறை அவற்றில் விவரமாக இருக்கிறது என்பதில் அறிஞர்களுக்குள் சண்டை இல்லை. ஆனால் வீட்டில் வைஃபை வைப்பதற்கான நெறிமுறையும் அதே சுவரில் இருப்பதை இதுவரை எவரும் கவனித்ததாகத் தெரியவில்லை. அந்தக் குறையைக் களைவதே இவ்வாய்வின் நோக்கம்.

முதற்கண் உறவுமுறை. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் இடக்கூடாது என்றது சபை. அதோடு விடவில்லை. அவனுடைய சித்தி பெரியம்மா பிள்ளைகள், அத்தை மாமன் பிள்ளைகள், அம்மாவோடு பிறந்தவன், அப்பாவோடு பிறந்தவன், கூடப்பிறந்த அண்ணன் தம்பி, பெண் கொடுத்த மாமனார், மச்சினன், அக்காள் தங்கையைக் கட்டியவன், அவர்கள் பெற்ற பிள்ளைகள், மருமகன், அப்பன், மகன் என்று பட்டியல் போட்டு அத்தனை பேரையும் தள்ளி வைத்தது. வரலாற்றாசிரியர்கள் இதை ஊழல் தடுப்பு என்பார்கள். இவ்வாய்வின் துணிபு வேறு: ஒரு வீட்டு பாஸ்வேர்டு எந்த வழியாக ஊருக்குள் போகும் என்பதன் மிகப் பழைய வரைபடம் இதுவே. சித்தி மகன் கையில் கிடைத்தது மச்சினனுக்குப் போகாமல் இருந்த வரலாறு கிடையாது.

களச் சான்றுக்கு ஒரு தலைதீபாவளி போதும். மாப்பிள்ளை செருப்பைக் கழற்றித் திண்ணையில் உட்கார்ந்து, சொம்புத் தண்ணீரை வாங்கிக் கீழே வைக்கிறார். “மாமா, நம்ம வீட்டு நெட்டு எந்தப் பேர்ல இருக்கு?” மாமனார் உள்ளே பார்த்துக் குரல் கொடுக்கிறார்: “டேய், அத்தானுக்கு அதைப் போட்டுக் குடு.” ஏழாம் வகுப்புப் படிக்கும் மச்சினன் தன் போனில் கட்டம் கட்டமாக ஒரு கியூஆர் படத்தை நீட்டுகிறான். ‘பாஸ்வேர்டைச் சொல்லவில்லை, ஸ்கேன்தானே பண்ணவிட்டோம்’ என்று வீட்டார் நிம்மதி அடைவார்கள். அந்தக் கட்டங்களுக்குள் இருப்பது பாஸ்வேர்டேதான், பூட்டோ மறைப்போ இல்லாமல். மாப்பிள்ளை தண்ணீரைக் குடிக்கும் முன்பே அது அவருடைய தம்பிக்குப் போய்ச் சேர வாய்ப்புண்டு.

போனால் என்ன, நாலு பேர் படம் பார்த்துவிட்டுப் போகட்டும் என்பது தாராள மனசு. 2008 ஜூலை 26-ஆம் தேதி அகமதாபாத்தில் குண்டுகள் வெடிப்பதற்குச் சில நிமிடங்களுக்கு முன்னால் செய்தி நிறுவனங்களுக்கு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. அனுப்பிய இணைப்பைத் தேடிப் போன போலீஸ், நவி மும்பையில் ஓர் அமெரிக்கர் குடியிருந்த வீட்டு வாசலில் போய் நின்றது. அவருடைய வைஃபை பூட்டாமல் கிடந்திருக்கிறது. யாரோ புகுந்து அனுப்பிவிட்டார்கள். கணக்குக் காட்டவேண்டிய நிலை யாருக்கு வந்தது என்பதைக் கல்வெட்டு படித்தவர்கள் கவனிக்க.

அடுத்தது, டப்பாவை எங்கே வைப்பது என்ற இடவியல். கேபிள்காரர் ஜன்னல் ஓரம் எங்கே ஓட்டை கண்டாரோ அங்கே மோடம் குடியேறுவது ஊர் வழக்கம். டிவிக்குப் பின்னால் என்றும் பீரோ தலையில் என்றும் இரு பள்ளிகள் உண்டு, இரண்டுமே தவறு. வீட்டு வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு நீளம் பன்னிரண்டரை சென்டிமீட்டர், ஒரு சாணுக்கும் குறைவு. 5 கிகாஹெர்ட்ஸ் அலை அதில் பாதிகூட வராது. வேகம் கூடுதல், சுவரைக் கண்டால் சோர்ந்துபோகும். இரும்பு பீரோ இரண்டையும் திருப்பி அனுப்பும். அதன் கதவில் பதித்த ஆளுயரக் கண்ணாடிக்கும் முதுகில் உலோகப் பூச்சுதான். முழங்கை தடிமன் மண்சுவர் ஐப்பசி மழையில் ஊறிவிட்டால் சிக்னலையும் சேர்த்துக் குடிக்கும். கூடத்து நடுவில், ஆள் தலைக்கு மேல் ஒரு பலகை அடித்து வைப்பதே உத்தமம்.

ஆன்டெனாவின் இயல்பை விளக்க மெதுவடையைவிடச் சிறந்த கருவி இல்லை. வடையின் ஓட்டையில் ஒரு குச்சியை நிறுத்தினால் குச்சிதான் ஆன்டெனா, வடைதான் சிக்னல். சுற்றிலும் மொத்தமாக இருக்கும். குச்சியின் நுனிக்கு நேர் மேலே ஒன்றும் இருக்காது. மாடியில் படிக்கும் பிள்ளைக்கு நெட் வரவில்லை என்றால் ஓர் ஆன்டெனாவைப் படுக்கப்போட வேண்டும், அதாவது வடையை நிமிர்த்த வேண்டும். அப்படியும் வரவில்லையா? ரிப்பீட்டர் வாங்கச் சொல்வார்கள். அதில் மலிவு ரகம், வாங்கிய அலைவரிசையிலேயே திருப்பி அனுப்புவதால் வேகம் பாதியாகிவிடும். பரணில் கிடக்கும் பழைய ரௌட்டரை இறக்கி, டிஎச்சிபியை அணைத்து, கீழிருந்து ஒரு லேன் ஒயர் இழுத்துக் கொடுத்தால் ஒயர் செலவோடு காரியம் முடிந்தது. ஒயர் 100 மீட்டர் வரை போகலாம். அதற்கு மேல் வேண்டும் வீடு உத்திரமேரூரில் அரிது.

சிக்கனம் பற்றி ஒரு வார்த்தை. பெரியவர்கள் படுக்கப்போகும்போது மோட்டார் சுவிட்சோடு மோடம் சுவிட்சையும் அணைக்கிறார்கள். அந்த டப்பா இழுப்பது சுமார் 10 வாட். இரவு பகலாக ஓடினாலும் இரண்டு மாதத்துக்கு 15 யூனிட்டைத் தொடாது. இலவச 100 யூனிட்டில் அது ஒரு மூலை. தெரு முழுக்கக் கரண்ட் போகும் நேரத்துக்கு 12 வோல்ட் குட்டி யூபிஎஸ் ஒன்று வாங்கி வைப்பது அதைவிடப் புத்திசாலித்தனம். அலைக்குத் தனி லைசென்ஸ் கட்டணமும் இல்லை. 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையை மத்திய அரசு 2005-லேயே யார் வேண்டுமானாலும் புழங்கலாம் என்று திறந்துவிட்டது, ஏரிக்கரைப் பாதை மாதிரி.

இனி ஆய்வின் மையப் பகுதி: குடவோலை. முப்பது குடும்புகளின் பெயர் ஓலைகளைக் குடத்தில் இட்டு, குலுக்கி, விவரமறியாத ஒரு சிறுவனை எடுக்கச் சொன்னார்கள். வாங்குபவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும், விரலிடுக்கில் வேறு ஓலை இல்லை என்று தெரிவதற்காக. ஆள் யோசித்து எடுத்தால் அதில் அவன் மனசு தெரிந்துவிடும் என்பது சபைக்குத் தெரிந்திருக்கிறது. நம் வீடுகளில் யோசித்து வைக்கும் பாஸ்வேர்டு இரண்டே வகை: குலதெய்வத்தின் பெயரோடு 123, அல்லது வீட்டுக்காரரின் செல் நம்பர். 6 முதல் 9 வரை தொடங்கும் பத்து இலக்க எண்கள் மொத்தம் 400 கோடி. போன் ஒன்று வைஃபையோடு கைகுலுக்கும் தருணத்தைத் தெருவில் நின்று பிடித்துக்கொண்டு போனவன், நொடிக்குப் பத்து லட்சம் வீதம் வீட்டில் உட்கார்ந்து முயன்றால், ஒரு மணி நேரத்துச் சொச்சத்தில் வேலை முடிந்துவிடும். நல்ல கேமிங் கம்ப்யூட்டருக்கு அந்த வேகம் பெரிதல்ல.

ஆகவே ஒரு சொம்பில் முப்பது சீட்டு. ஒவ்வொன்றிலும் ஒரு சொல்: புளி, ஏரி, உரல், பனை, கலப்பை. எடுத்ததைத் திரும்பப் போட்டுக் குலுக்கி ஐந்து முறை எடுத்தால் 2 கோடியே 43 லட்சம் சேர்க்கை. மேற்படி வேகத்தில் அரை நிமிடம் தாங்காது. எட்டு முறை எடுத்தால் ஒரு வாரத்துக்கு மேல். பத்து முறை எடுத்தால் பதினெட்டு வருஷம், அதற்குள் பிள்ளை காலேஜே முடித்துவிடுவான். பத்துச் சொல்லை ஆங்கில எழுத்தில் அடித்தாலும் 63 எழுத்து என்ற வரம்புக்குள் பெரும்பாலும் அடங்கும். டிவி ரிமோட்டில் அம்புக்குறியை நகர்த்தி நகர்த்தி ஐம்பது எழுத்து அடிக்கப்போகிறவர் யார் என்பது குடும்பப் பிரச்சினை. ஆய்வு அதில் தலையிடாது. இதில் உண்மையான சிக்கல் ஒன்றுதான். விவரமறியாத சிறுவன் இப்போது எந்த வீட்டிலும் இல்லை.

வாசலுக்கு இத்தனை பூட்டு போட்டுவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைப்பதும் உண்டு. அதன் பெயர் டபிள்யூபிஎஸ். எட்டு இலக்கப் பின் எண், ஆனால் ரௌட்டர் அதை இரண்டு துண்டாகச் சரிபார்ப்பதால் 11,000 முயற்சிக்குள் திறந்துவிடும் என்று 2011-லேயே அம்பலமானது. அதை அணைப்பது, செட்டிங்ஸுக்குள் நுழையும் ‘அட்மின், அட்மின்’ என்ற கூட்டுப் பெயரை மாற்றுவது, டபிள்யூபிஏ3 இருந்தால் அதையும் இல்லாவிட்டால் டபிள்யூபிஏ2-வையும் தேர்வது எல்லாம் சேர்ந்து ஒரு காபி ஆறும் நேரம். மேற்படிப் பட்டியலில் உள்ள மாமன் மச்சானுக்கெல்லாம் கெஸ்ட் நெட்வொர்க் என்று தனித் திண்ணை போட்டுக் கொடுத்துவிடலாம். மரியாதைக்கும் குறைவில்லை, கூடத்துக்குள்ளும் வரமாட்டார்கள்.

மேற்கண்ட நெறிகள் அனைத்தையும் கடைப்பிடித்த வீடொன்றின் நிலவரம் பின்வருமாறு. பத்துச் சொல்லும் சொம்பிலிருந்து முறைப்படி வந்தன. சோழர்கள் என்றால் கல்லில் வெட்டியிருப்பார்கள். இங்கே பையன் கையில் கிடைத்தது சமையலறைச் சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டர். அன்றைய தாளின் ஓரத்தில், ராகு காலத்துக்குக் கீழே, பென்சிலால் எழுதி வைத்தான். மறுநாள் விடியற்காலையில் பாட்டி வழக்கம்போல் தாளைக் கிழித்துத் திருநீறு மடித்து, பஸ் ஏறக் கிளம்பிய மாப்பிள்ளை கையில் கொடுத்துவிட்டார். பையன் ஊக்கு முனையால் ரீசெட் ஓட்டையைப் பத்து நொடி அழுத்தினான். அதில் கம்பெனி போட்டு வைத்த யூசர் நேமும் சேர்ந்து அழிந்து, சிவப்பு விளக்கு எரிகிறது. கேபிள்காரர் மதியம் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.