சட்டை கழற்றும் இறால்

வண்ணமீன் தொட்டியில் என் செர்ரி இறால் செத்துக் கிடந்தது. பார்த்தால், அதே இறால் பக்கத்தில் மேய்கிறது. ஆவியா?

ஆவி இல்லை, அவிழ்த்துப் போட்ட சட்டை! இறால் தன் மேலோட்டோடு, வயிற்றின் உள்பக்க உறையைக்கூட விடாமல் கழற்றிவிடும். அந்தச் சட்டையை எடுத்து எறியாதீர்கள். இறால்களே தின்று, அதிலிருக்கும் தாதுக்களைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும்.

சுத்தமான ஆர்.ஓ. தண்ணீர்தான் ஊற்றுகிறேன். இருந்தும் சட்டை உரிக்க முடியாமல் சாகின்றனவே?

துணியே கொடுக்காமல் தையல்காரரிடம் சட்டை கேட்கலாமா? கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் ஆர்.ஓ. கருவி பெருமளவு நீக்கிவிடுகிறது. இறால்களுக்கென்று விற்கும் தாது உப்பைக் கலந்து, பொதுக் கடினத்தன்மையை (ஜி.எச்.) 6 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருங்கள்.

ஒரு இறாலின் உடம்பைச் சுற்றி வெள்ளை வளையம். ஒட்டியாணமா?

விலங்கு! தலை ஓடும் வாலும் சேரும் இடத்தில், முதுகுப் பக்கம் மட்டும் பிளவு விட்டால் இறால் வளைந்து துள்ளி வெளியே வந்துவிடும். பிளவு முழு வளையமாகச் சுற்றிவிட்டால் பெரும்பாலும் சிக்கிச் செத்துப்போகும். இடுக்கியால் இழுத்து உதவப் போகாதீர்கள். உள்ளே இருப்பது பஞ்சு போன்ற புது உடம்பு.

இப்படிச் சிக்குவதற்குத் தாதுக் குறைவு ஒரு காரணம். இன்னொன்று நம் அவசரம்: பாதித் தொட்டி நீரை ஒரே நாளில் மாற்றினால், தயாராகாத இறாலும் சட்டையைக் கழற்றத் தொடங்கிவிடும். வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு மாற்றுங்கள், அதையும் சொட்டுச் சொட்டாக விடுங்கள்.