ஈத்0 முதல் என்பி3எஸ்0 வரை: கறுப்புத் திரையின் மௌனம் குறித்து ஓர் ஆய்வுரை

கணினிக்கு நெட்வொர்க் முகவரி கொடுக்க வழிகள் இரண்டு. மவுஸைப் பிடித்துக்கொண்டு பெட்டி பெட்டியாகத் திறந்து நிரப்புவது ஒன்று. டெர்மினலில் கட்டளை தட்டுவது மற்றொன்று. முன்னது உலக வழக்கு, பின்னது சான்றோர் வழக்கு என்று பின்னதைக் கையாள்வோர் அனைவரும் ஒருமனதாகக் கூறுகின்றனர். மாற்றுக் கருத்துடையோர் டெர்மினல் பக்கம் வருவதே இல்லை என்பதால் இதை நிறுவப்பட்ட முடிபாகவே கொள்ளலாம். இவ்வாய்வின் எல்லை லினக்ஸ். விண்டோஸிலும் இதற்கெனக் கட்டளைகள் உண்டு. அவற்றை ஆசையோடு பயன்படுத்துபவர் ஒருவரும் களப்பணியில் அகப்படாமையால் விலக்கப்பட்டன.

கருதுகோள் சுருக்கமானது. இத்துறையில் ஒரு கட்டளை பலித்ததற்கு அடையாளம் திரை வாய் திறவாமை. பலிக்காவிட்டால்தான் அது பேசும். யூனிக்ஸ் மரபில் வந்த கட்டளைகள் பலவற்றுக்கும் இது பொதுப்பண்பே. எனினும் நெட்வொர்க் கார்டு விஷயத்தில் இம்மௌனத்துக்குப் பொருள் ஒன்றுக்கு மேற்பட்டது; அதை நிறுவுவதே நம் நோக்கம்.

அடிப்படை நூற்பாவை முதலில் காண்போம்: 'ஐபி அட்ரஸ் ஆட் 192.168.1.10/24 டெவ் ஈத்0'. பதவுரை வருமாறு. 'ஐபி' விளி. 'ஆட்' ஏவல் வினைமுற்று. 192.168.1.10 செயப்படுபொருள்; தனி நெட்வொர்க்குகளுக்கென ஒதுக்கிய மூன்று முகவரித் தொகுதிகளில் ஒன்றைச் சேர்ந்தது. ஆகவே உலகெங்கும் எத்தனையோ வீடுகளில் இதே முகவரி ஒரே நேரத்தில் குடியிருப்பதில் இழுக்கில்லை.

'டெவ் ஈத்0' என்பதில்தான் சிக்கல். இதை நான்காம் வேற்றுமையாகக் கொண்டு, 'ஈத்0 என்னும் கார்டுக்கு' எனக் கொடைப்பொருள் உரைப்பர் ஒரு சாரார். அது பொருந்தாது. லினக்ஸ் தன் இயல்பில் ஐபி முகவரியைக் கணினிக்கு உரியதாகக் கருதுமே தவிர, கார்டுக்கு உரியதாகக் கருதாது. ஒரு கணினியின் இரண்டு கார்டுகளையும் ஒரே சுவிட்சில் செருகிவைத்துப் பாருங்கள். முதல் கார்டின் முகவரியைச் சொல்லி 'இது யாருடையது?' என்று பக்கத்துக் கணினி ஏஆர்பி வழியாகக் கேட்டால், இரண்டாம் கார்டும் தன் மேக் முகவரியை நீட்டி 'என்னுடையதுதான்' என்று பதில் சொல்லும். கொடை பெற்றவன் ஒருவன், கையெழுத்துப் போடுபவன் இன்னொருவன். ஆகவே இடப்பொருள் தரும் ஏழாம் வேற்றுமையே ஈண்டுக் கொள்ளத்தக்கது என்க.

'/24' என்னும் அடையை வேண்டாதது எனக் கருதி விட்டுவிடுவோர் உண்டு. ஐபி கட்டளை ஒரு வார்த்தை கேளாமல் ஏற்றுக்கொள்ளும். ஏற்றுக்கொண்டு, தானாகவே /32 என்று எழுதிக்கொள்ளும். அதாவது அந்த நெட்வொர்க்கில் அந்த ஒரு கணினியைத் தவிர அக்கம்பக்கம் எவருமில்லை. கதவு எண் உண்டு, தெரு இல்லை. அடுத்ததாக கேட்வே கொடுக்கப் போகும்போதுதான் கர்னல் வாய் திறந்து, அங்கே போக வழியே இல்லையே என்கிறது. மௌனம் சம்மதம் என்னும் நம் கருதுகோளுக்கு இது முதல் அடி. திரை பேசாதிருந்தது உண்மை, கட்டளை பலித்ததும் உண்மை. நாம் கேட்டதுதான் தவறு.

இதே வேலைக்கான பழைய கட்டளை இஃப்கான்ஃபிக் இவ்வளவு கல்நெஞ்சம் படைத்ததன்று. 192 என்று தொடங்கினால் /24, 10 என்று தொடங்கினால் /8 என அதுவே ஊகித்துக்கொள்ளும். அது நம்பியிருக்கும் பழைய வகுப்பு முறை 1993இலேயே சைடர் முறைக்கு இடம் விட்டு ஓய்வு பெற்றுவிட்டது என்பதை மட்டும் அதனிடம் யாரும் சொல்லவில்லை.

இஃப்கான்ஃபிக்கின் காலம் குறித்து ஐயமில்லை: 1983, பெர்க்லியின் 4.2 பிஎஸ்டி. அலெக்ஸி குஸ்னெட்சோவ் எழுதிய ஐபிரூட்2 தொகுப்பு 1990களின் பிற்பகுதியில் வந்தது; ஐபி கட்டளை அதன் தலைப்பிள்ளை. லினக்ஸில் இஃப்கான்ஃபிக்கின் கையேட்டுப் பக்கமே தன்னைக் காலாவதியானது என்று அறிவித்துக்கொள்கிறது. 2017இல் வந்த டெபியன் 9 அதைத் தானாக நிறுவுவதையும் நிறுத்திவிட்டது. ஆயினும் முன்னோர் மரபினர் எந்தப் புதிய சர்வரில் நுழைந்தாலும் விரல் முதலில் அதைத்தான் தட்டும். 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்' என்று வரும். உடனே நெட்-டூல்ஸ் தொகுப்பை நிறுவ முனைவர். நிறுவ நெட்வொர்க் வேண்டும். நெட்வொர்க் வர இஃப்கான்ஃபிக் வேண்டும். இஃப்கான்ஃபிக் வர நெட்-டூல்ஸ் வேண்டும். இந்த வட்டத்தை 'ஐபி ஏ' என்று தட்டி உடைத்துவிடலாம் என ஒப்புக்கொள்ள ஆகும் காலம், ஆளின் அனுபவத்துக்கு நேர்விகிதத்தில் கூடுகிறது.

இரு மரபினருக்கும் இடையிலான வழக்கில் இந்த ஆய்வாளர் நடுநிலை வகிக்க இயலாது. ஒரே கார்டில் ஐபி கட்டளையால் இரண்டு முகவரிகளை லேபிள் இல்லாமல் சேர்த்துவிட்டு இஃப்கான்ஃபிக்கைக் கேட்டால், ஒன்றை மட்டும் காட்டும். இரண்டாம் முகவரி வேலை செய்துகொண்டே இருக்கும், பாக்கெட்டுகள் வந்துபோகும், அதன் கண்ணுக்கு மட்டும் தெரியாது. பாசத்துக்காக ஒரு சாட்சியை நம்பலாம். கண்பார்வை போன சாட்சியை நம்பக்கூடாது.

இனிப் பெயரியல். இரண்டு கார்டு உள்ள இயந்திரத்தில் எது முதலில் கண்ணில் படுகிறதோ அது ஈத்0 ஆகும். அடுத்த ரீபூட்டில் மற்றது முந்திக்கொண்டால் பெயர்கள் இடம் மாறும். உள் நெட்வொர்க்குக்கான ஃபயர்வால் விதி வெளி நெட்வொர்க்குக்குப் போய்விடும். இதைத் தடுக்கவே 2013இல் சிஸ்டம்டி 197ஆம் பதிப்பு, கார்டு செருகியிருக்கும் இடத்தை வைத்துப் பெயர் சூட்டத் தொடங்கியது. என்பி3எஸ்0: ஈதர்நெட், பிசிஐ பஸ் 3, ஸ்லாட் 0. ஊரும் தெருவும் பெயரிலேயே வந்துவிட்டன. கர்னல் ஒரு கார்டின் பெயருக்கு 15 எழுத்துக்கு மேல் இடம் தராது. மேக் முகவரியை வைத்துப் பெயர் பெறும் யூஎஸ்பி கார்டுக்கு முன்னொட்டு மூன்றெழுத்து, மேக் முகவரி பன்னிரண்டு. கூட்டினால் சரியாகப் பதினைந்து. இதைத் தட்டி முடிப்பதற்குள் பிழை விடாதவர் அரிது. ஒரு கார்டு மட்டுமே உள்ள கோடானுகோடிக் கணினிகளுக்கு இந்த ஏற்பாட்டால் விளைந்த நன்மை யாதென்று கேட்பது மரியாதையன்று.

பெயர் மாறாத ஒருவர் உண்டு: எல்ஓ, தன்னோடு தானே பேசிக்கொள்ளும் லூப்பேக். அவருக்கென்று 127இல் தொடங்கும் முகவரிகள் அத்தனையும், 1,67,77,216, எழுதிவைக்கப்பட்டுள்ளன. பெரும்பாலும் அவர் புழங்குவது ஒன்றில்தான். 2011இல் உலக முகவரிக் கிடங்கு காலியானபோதும் அந்தச் சொத்தில் யாரும் கைவைக்கவில்லை. ஐபிவி6 வந்தபோது ஒரே ஒரு முகவரி கொடுத்து முடித்துவிட்டார்கள். கேபிள் பிய்ந்தாலும் சுவிட்ச் எரிந்தாலும் விழாத இந்த ஒருவரின் நிலையைத்தான் ஐபி கட்டளை 'அன்நோன்' என்று காட்டுகிறது.

மௌனக் கோட்பாட்டுக்குக் களச்சான்று ஒன்று. ஒரு டேட்டா சென்டரின் குளிரில், ஃபோனில் சீனியரும் ரேக் முன்னால் புதிதாகச் சேர்ந்த பையனும் பேசியது:

"என்னப்பா, தட்டிட்டியா?"

"தட்டிட்டேன் சார்."

"என்ன சொல்லுது?"

"ஒண்ணும் சொல்லல சார்."

"அப்ப சரி. டிஃபால்ட் ரூட்டைப் போடு."

"சார், 'ஃபைல் எக்ஸிஸ்ட்ஸ்'னு வருது."

"அதுவும் சரிதான். ஏற்கெனவே யாரோ போட்டு வெச்சிருக்காங்க."

பையன் எந்த ஃபைல் என்று தேடிக்கொண்டிருந்தான். அப்படி ஒன்று இல்லை. கோப்புகளுக்கென்று பிறந்த 17ஆம் எண் பிழையை, ரூட் ஏற்கெனவே இருக்கிறது என்று சொல்லவும் கர்னல் எடுத்துக்கொண்டது, அவ்வளவே. பேசினாலும் பலித்தது என்று கொள்ளும் இவ்விதிவிலக்கை ஏடுகளில் காணோம். சீனியர் வாய்மொழியாகவே வழங்கி வருகிறது.

மூன்றாம் வகை மௌனம் கொடியது. எங்கோ இருக்கும் சர்வருக்குள் எஸ்எஸ்ஹெச் வழியாக நுழைந்து, 'ஐபி லிங்க் செட் ஈத்0 டவுன்' என்று தட்டுவது. திரை பேசாது. கர்சர் அடுத்த வரிக்கு இறங்கி அங்கேயே நிற்கும். தட்டியவர் இன்னொரு முறை என்டர் தட்டுவார். அதற்கும் பதில் இருக்காது. கட்டளை முழுமையாகப் பலித்துவிட்டது. உட்கார்ந்திருந்த கிளை அதுதான் என்பது விழுந்த பிறகே தெரியும்.

டவுனையும் அப்பையும் ஒரே வரியில் கோத்துத் தட்டினால் தப்பிக்கலாம் என்பார் சிலர். பாதி சரி. ஐபிவி4 முகவரி அப்படியே இருக்கும். ஆனால் டவுன் ஆன கணத்தில் அந்தக் கார்டு வழியாகச் செல்லும் ரூட்டுகள் அனைத்தும் துடைக்கப்பட்டிருக்கும். அப் செய்யும்போது கையால் போட்ட டிஃபால்ட் கேட்வே திரும்பி வராது. அதே சுவிட்சில் இருப்பவருக்கு சர்வர் உயிரோடு இருக்கும், ஊருக்கு வெளியே இருப்பவருக்குச் செத்திருக்கும். இரு தரப்பும் ஃபோனில் ஒருவரையொருவர் பொய்யர் என்பர்.

முன்னெச்சரிக்கை உடையோர் முதலில் ஐந்து நிமிடத்தில் ரீபூட் ஆகும்படி ஏற்பாடு செய்துவிட்டுத்தான் கார்டில் கைவைப்பர். ஐபி கட்டளையால் செய்தவை யாவும் ரீபூட்டில் மறைவன. அந்த மறதிதான் இங்கே காப்பு. உபுண்டுவின் 'நெட்பிளான் ட்ரை' இதையே நாகரிகமாகச் செய்கிறது: 120 நொடிக்குள் நீங்கள் ஒப்புதல் தராவிட்டால் பழைய நிலைக்கே திரும்பிவிடும்.

மறக்காமல் இருக்க வேண்டுமானால் கோப்பில் எழுத வேண்டும். எந்தக் கோப்பு என்பதில் டெபியன் ஒரு குலம், ரெட் ஹேட் இன்னொரு குலம். உபுண்டுவின் யாமல் கோப்பில் ஓரம் தள்ள டேப் விசையைத் தட்டினால் மொத்தக் கோப்பையும் நிராகரித்துவிடும்; ஸ்பேஸ்தான் தட்ட வேண்டும். டிஎன்எஸ் எழுதும் ரிசால்வ் கான்ஃப் கோப்பின் தலையிலோ, கையால் திருத்தாதே, அழிந்துபோகும் என்ற எச்சரிக்கை பல கணினிகளில் காணக்கிடைக்கிறது. எல்லோரும் திருத்துகிறார்கள். மறுநாள் அழிந்துபோகிறது. வெறுத்துப்போன ஒருவர் 'சிஹெச்-அட்ர் பிளஸ் ஐ' போட்டு அந்தக் கோப்பை ரூட்டே தொட முடியாதபடி பூட்டிவிடுகிறார். இரண்டு ஆண்டு கழித்து டிஎன்எஸ் சர்வரை மாற்ற வரும் நிர்வாகி, ரூட்டாகவே நுழைந்து, சேமிக்கப் போய், 'ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்' என்ற பதிலைப் பார்த்துத் தன் அதிகாரத்தின் மீதே ஐயம் கொள்கிறார். பூட்டியவரைக் கேட்கலாம் என்றால் அவர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்.