ரயில் இல்லாத தீவில் ரயில் பித்து

கேள்வி: எங்கள் தீவில் பயணிகள் ரயிலே கிடையாது. என் மகனுக்கோ ‘இசட்’ அளவு மாடல் ரயில் பைத்தியம். புது எஞ்சின் அறிவிப்பு வந்தால் மகிழாமல் புலம்புகிறானே, ஏன்?
– ஒரு வாசகி, ஸ்ரீ விஜயபுரம்

பதில்: அவன் புலம்பல் நியாயமானதுதான், அம்மா. ஜெர்மனியின் மார்க்ளின் நிறுவனம் 1972-ல் கொண்டுவந்த அளவு ‘இசட்’. அசலில் 220-ல் ஒரு பங்கு. தண்டவாள இடைவெளி 6.5 மி.மீ. தயாரிப்பாளர்கள் மிகச் சிலர். அதனால் ஒவ்வொரு அறிவிப்பையும் ரசிகர்கள் தீபாவளி ரிலீஸ் போலக் காத்திருந்து பார்க்கிறார்கள். பல சமயம் வருவது பழைய எஞ்சின், புதுப் பெயின்ட்! எஞ்சினுக்குப் பொருத்தமான பெட்டிகளைக் கேட்டவன் வயிறு எரியாதா? அதுவும் பெரும்பாலும் ஜெர்மன், அமெரிக்க, ஜப்பானிய ரயில்கள். நம் பெரம்பூர் ஐ.சி.எஃப். பெட்டி அசலில் சுமார் 21.3 மீட்டர்; இசட்டில் 10 செ.மீ. கூட வராது. இருபது பெட்டி எக்ஸ்பிரஸ் சுமார் இரண்டு மீட்டர் நீளம்தான் வரும். அதை ஒரு கம்பெனி செய்யட்டும், அப்புறம் பாருங்கள் அவன் முகத்தை!

அவனிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள்: ஓட்டி முடித்ததும் எஞ்சினை மூடி போட்ட டப்பாவில் வைக்கட்டும். உங்கள் ஊர் உப்புக்காற்று இரும்பை விடாது.