மேடத்துக்கு என்ன ரேங்க்?

இந்திய ராணுவத்தில் விசித்திரமான ஒரு பிரிவு இருக்கிறது. அதற்கு ஆளெடுப்பு இல்லை, பயிற்சி இல்லை, சம்பளமும் இல்லை. பதவி வரிசை மட்டும் படு கறார். மனைவிமார் பிரிவைத்தான் சொல்கிறேன். 1966-இல் ராணுவத்தினர் மனைவியர் நலச் சங்கம் தொடங்கப்பட்டது. தேர்தல் வைத்துத் தலைவியைத் தேடும் வீண் வேலையெல்லாம் அங்கே கிடையாது. தலைமைத் தளபதிக்குக் கழுத்தை நீட்டியவர் யாரோ, அவரே தலைவி. பட்டாலியன் அளவில் கமாண்டிங் ஆபீசரின் மனைவி. புருஷனுக்குப் பதவி உயர்ந்தால் மேடத்தின் நாற்காலி முன்னே நகரும். அவர் ஓய்வுபெற்ற அன்று மாலையே மேடத்தின் தலைமைப் பண்பும் ஓய்வுபெறும்.

சிறப்புக் குழந்தைகளுக்காக ஆஷா பள்ளிகள் நடத்துகிறார்கள். நல்ல காரியம், மறுக்கவில்லை. தையல் வகுப்பு, அழகுக்கலை வகுப்பும் உண்டு. ஆனால் சகோதரித்துவம் என்று மேடையில் முழங்கிவிட்டு, புருஷன் தோளில் இருக்கும் நட்சத்திரத்தை எண்ணி உட்காரவைக்கிற இடத்தில் சிப்பாயின் மனைவி எந்த வாயைத் திறந்து என்ன கேட்பாள்?

அந்தச் சங்கமும் குவார்ட்டர்ஸ் கிடைத்து அங்கே போய்ச் சேர்ந்தவளுக்குத்தான். ஃபீல்டு போஸ்டிங் என்றால் குடும்பத்துக்கு அனுமதி இல்லை. பீஸ் ஸ்டேஷன் என்றால் வீடு காலியில்லை. இந்த வீட்டுப் பஞ்சத்தைப் போக்க முப்படைகளுக்கும் சேர்த்து ஏறத்தாழ 2 லட்சம் வீடுகள், நான்கே ஆண்டுகளில் கட்டுவோம் என்று 2002-இல் திட்டம் போட்டார்கள். ஆண்டுகள் இருபதைத் தாண்டியும் அது முழுதாக முடியவில்லை.

ஆக, பாதுகாப்பு அமைச்சகத்தின் மிகத் தொலைவான முகாம் லடாக்கில் இல்லை. தருமபுரி மாவட்டம் பென்னாகரம் வட்டத்து ஏரியூரிலும் அதைப் போன்ற ஊர்களிலும், மாமியார் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகவேண்டாம் என்று நினைக்கிற பையன் பட்டாளத்துக்கு ஓடிப் பார்க்கும் பகுதி இது. ஒருபக்கம் மேட்டூர் அணையின் தேக்கத் தண்ணீர், மறுபக்கம் மழையை நம்பிய மானாவாரிக் காடு. பட்டாளத்தானுக்கு ஆண்டுக்கு 60 நாள் லீவும் 30 நாள் தற்செயல் விடுப்பும் உண்டு. மீதி நாளெல்லாம் அவன் பெண்டாட்டி தனியாகக் காவல் நிற்கிறாள்: மாமனாரின் சர்க்கரை மாத்திரை, பிள்ளையின் பள்ளிக்கூடம், வரப்புத் தகராறு, சிக்னல் இல்லாத ராத்திரி. இதற்கு மெடல் உண்டா?

கழுத்தில் தாலி ஏறியதும் பட்டாளத்தின் கண்ணுக்கு அவள் மனைவியாகிவிட மாட்டாள். கல்யாணம் 'பார்ட் டூ ஆர்டர்' என்கிற ராணுவப் பதிவில் ஏறவேண்டும். பெயரில் ஒரு எழுத்து பிசகினால் நாளைக்குக் குடும்ப ஓய்வூதியம் மாட்டிக்கொள்ளும். ரெக்கார்ட் ஆபீஸ் ஒரு ஊரில், ஓய்வூதியக் கணக்கு பிரயாக்ராஜில், அவள் ஏரியூர் பஸ் நிறுத்தத்தில். இதைச் சொல்லிக்கொடுக்க அவளுக்கு எந்த மேடமும் இல்லை. அதே பாட்டைப் பட்ட பக்கத்து ஊர்க்காரி யாரென்றும் தெரியாது.

ஊர் சும்மா இருக்கிறதா? இல்லை. மிலிட்டரிக்காரர் வீட்டின் மேல் ஊராருக்கு அளவில்லாத அக்கறை. "அண்ணன் எப்பம்மா லீவுல வர்றாரு?" என்று விசாரிக்காத ஆண்பிள்ளை கிடையாது. கேன்டீன் ரம்மைத் தவிர இந்தத் தேசபக்திக்கு வேறு ஊற்றுக்கண் இருப்பதாகத் தெரியவில்லை.

அவன் செத்துவந்தால் கதையே வேறு. ஃப்ளெக்ஸ் பேனரில் அவன் படம் சின்னதாகவும் அஞ்சலி செலுத்துகிறவர் படம் பெரியதாகவும் இருக்கும். மந்திரி வருவார், கேமரா வரும். விதவை எப்படி வாழவேண்டும் என்பதிலும் அரசுக்குத் திட்டவட்டமான கருத்து இருந்தது. வீரப் பதக்கத்துக்கான மாதப்படி மறுமணம் செய்தால் நின்றுவிடும். இறந்தவனின் சகோதரனைக் கட்டிக்கொண்டால் மட்டும் தொடரும். 2017 நவம்பரில்தான் அந்த நிபந்தனையை நீக்கினார்கள். சுதந்திர நாட்டின் அமைச்சகம் எழுபது வயதை எட்டும்வரை கொழுந்தனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தது! நீக்கியபோது மன்னிப்புக் கேட்டார்களா? செய்திக்குறிப்புதான் வெளியிட்டார்கள்.

இத்தனை தலைவலிக்கும் 2022 ஜூன் 14 அன்று மருந்து கண்டுபிடிக்கப்பட்டது. பெயர் அக்னிபத் ஆளெடுப்புத் திட்டம். சேர்கிறவனுக்குக் கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது. நான்கு ஆண்டுச் சேவையிலும் செய்துகொள்ளக் கூடாது. பெண்டாட்டியே இல்லையென்றால் குவார்ட்டர்ஸ் எதற்கு, சங்கம் எதற்கு? நான்கில் ஒருவனை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவர்களைச் சுமார் 11.71 லட்சம் ரூபாயோடு, ஓய்வூதியம் இல்லாமல் ஊருக்கு அனுப்பிவிடலாம். நான்கு ஆண்டில் வீட்டைக் கட்டி முடிக்க முடியாதவர்கள், சிப்பாயை நான்கு ஆண்டில் முடித்துவிட்டார்கள். நிர்வாகத் திறமை என்றால் இது!

திரும்பிவருகிறவனுக்கு ஏரியூரில் பெண் கொடுக்கப்போவது யார்? மாப்பிள்ளை மிலிட்டரியாம் என்று பெருமைப்பட்ட மாமனார்கள் இனி, "பெர்மனென்டா, நாலு வருசமா?" என்றுதான் கேட்பார்கள். கேட்பதில் தப்பும் இல்லை.

டிசம்பர் 7 படைவீரர் கொடிநாள். உங்கள் பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் வசூல் வரும். பணத்தைப் போடுங்கள், சட்டையில் கொடியையும் குத்திக்கொள்ளுங்கள். குத்தவந்த அதிகாரியிடம் ஒன்று கேளுங்கள்: ஓய்வூதியமும் ஆவணமும் தெரிந்த ஒரு எழுத்தரை மாதத்தில் ஒருநாள் தருமபுரியிலிருந்து ஏரியூருக்கு அனுப்பி, சுற்று ஊர்களின் பட்டாளத்து மனைவிகளை ரேங்க் பார்க்காமல் ஒரே பாயில் உட்காரவைக்க எத்தனை கொடி விற்கவேண்டும்?