நரிதாவில் ரூம் போடலாமா?

அன்புள்ள மாமாவுக்கு,

‘டிக்கெட் போட்டாச்சு, ஏர்போர்ட் பக்கத்திலேயே ரூமும் பார்த்துட்டேன், உனக்குச் சிரமம் வேண்டாம்’ என்ற உங்கள் செய்தி கிடைத்தது. வாடகை மலிவு என்று மூன்று ஆச்சரியக்குறி வேறு. மலிவாகத்தான் இருக்கும் மாமா. நரிதா விமான நிலையம் டோக்கியோவிலிருந்து 60 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, சிபா மாகாணத்தில் இருக்கிறது. காஞ்சிபுரத்தில் ரூம் எடுத்துக்கொண்டு தினமும் மெரினாவுக்குக் காற்று வாங்க வருகிற கதை இது.

ரயில் பறக்குமே என்பீர்கள். ஸ்கைலைனர் 160 கி.மீ. வேகத்தில் போய் 40 நிமிஷத்தில் டோக்கியோவின் நிப்போரியில் இறக்கிவிடும். ஆனால் ஓர் ஆளுக்கு ஒரு தடவைக்கு 2,500 யென்னுக்கு மேல். நீங்களும் அத்தையும் தினமும் போக வர என்று கணக்குப் போட்டால், வாடகையில் மிச்சம் பிடித்தது ரயிலில் போய்விடும். சாதா ரயிலில் பாதிக் காசுகூட ஆகாது. ஒன்றேகால் மணி நேரம், கூட்டமிருந்தால் நின்றுகொண்டே வரவேண்டும். நள்ளிரவுக்கு மேல் ரயிலே கிடையாது. டாக்சி மீட்டரைப் பார்த்தால் அத்தைக்கு ரத்த அழுத்தம் ஏறிவிடும்.

விமான நிலையத்தை இவ்வளவு தூரத்தில் கட்டியும் சண்டை வராமலில்லை. 1966-ல் இடத்தை அறிவித்ததிலிருந்தே விவசாயிகள் போராட்டம். 1978 மார்ச்சில் திறப்பு விழாவுக்கு நாள் குறித்தார்கள். அதற்குச் சில நாள் முன்பு போராட்டக்காரர்கள் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குள் புகுந்து கருவிகளை நொறுக்கிவிட, மே மாதம்தான் திறக்க முடிந்தது. இன்றும் விமானம் உருளும் பாதைகளுக்கு நடுவே காய்கறித் தோட்டம் இருக்கிறது. பரந்தூர் விமான நிலையச் செய்தி படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தத் தோட்டம்தான் ஞாபகம் வரும்.

ஆகவே வந்ததும் நேராக டோக்கியோவில் நிஷிகசாய்க்கு, என் வீட்டுக்கு வாருங்கள். மூன்று பேர் படுத்தால் புரண்டு படுக்க ஒருவரையொருவர் அனுமதி கேட்க வேண்டும், அவ்வளவுதான். பெட்டிகளைத் தூக்கி வரவேண்டாம். ஏர்போர்ட்டிலேயே கூரியர் கவுன்டரில் ஒப்படைத்தால் மறுநாள் வீட்டு வாசலுக்கு வந்துவிடும். ஒரே ஒரு விஷயம்: யமாதோ கூரியர் கம்பெனியின் சின்னம் கறுப்புப் பூனை. பூனை குறுக்கே போனால் வீட்டுக்குள் திரும்பி, தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்புகிறவர் நீங்கள். இங்கே பூனையேதான் பெட்டியைக் கொண்டுவருகிறது. சமாளித்துக்கொள்ளுங்கள்.

கடைசி இரவுக்கு மட்டும் நரிதாவில் தங்கலாம். உங்கள் விமானம் காலையில். எழும்பூரில் ரயிலுக்கே மூன்று மணி நேரம் முன்னால் போய் பெஞ்சில் உட்காருகிற உங்களை என் வீட்டில் வைத்திருந்தால் அன்று இரவு யாரும் தூங்க முடியாது. டெர்மினல் 2 பக்கம் கேப்சூல் ஹோட்டல் உண்டு: ஆளுக்கொரு பொந்து, கதவுக்குப் பதில் திரை, ஆண்களும் பெண்களும் தனித்தனிப் பகுதி. உங்கள் குறட்டையைக் கல்யாண மண்டபத்தில் கேட்டவன் சொல்கிறேன், அது வேண்டாம். ஜப்பானியர்கள் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அதுதான் பெரிய சங்கடம். டெர்மினலிலிருந்து இலவச பஸ் விடுகிற ஹோட்டல்கள் நிறைய இருக்கின்றன, அதில் ஒன்று போதும்.

மதியமே போய்விட்டால் நரிதா ஊரைப் பார்க்கலாம். ஏர்போர்ட்டிலிருந்து ரயிலில் பத்து நிமிஷம்தான். நரிதாசான் கோயில் 940-ல் தொடங்கியது. தினமும் ஹோமம் வளர்க்கிறார்கள், மாமா! பெரிய முரசு அதிர, ஜுவாலை ஆளுயரம் எழும்புகிறது. முடிந்ததும் ஜனங்கள் கைப்பையை நீட்டுகிறார்கள். குருக்கள் வாங்கி நெருப்புக்கு நேரே காட்டித் திருப்பித் தருகிறார். வண்டிக்குப் பூஜை போடத் தனி மண்டபமே உண்டு. சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைப்பதில்லை, அதுதான் வித்தியாசம். ஒரு எச்சரிக்கை: கோயிலுக்குப் போகிற தெருவில் விலாங்கு மீன் கடைகள். வாசலிலேயே உயிரோடு எடுத்துப் பலகையில் வைத்துக் கீறுவார்கள். சைவமான அத்தையை எதிர்ப்பக்கக் கடைகளைப் பார்த்தபடி நடக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, இங்கே பல ஹோட்டல்களில் வாடகை அறைக்கு இல்லை, தலைக்கு. ஒருவர் என்று போட்டுவிட்டு இரண்டு பேராகப் போய் நின்று, ‘அட்ஜஸ்ட் பண்ணுங்க சார்’ என்று சொல்ல முடியாது. மூன்று மணிக்கு முன்னால் சாவியும் தரமாட்டார்கள். பேசாமல் ஒரு வார ரூமை ரத்து செய்யுங்கள், அந்த ஒரு ராத்திரிக்கு நானே போட்டுவிடுகிறேன். அத்தை பெயர் பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், போனில் சொல்லவேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் நிஷிகசாய் மருமகன்