நாவடக்கத்தின் திணைக்கோட்பாடு: பாஞ்சாலங்குறிச்சி வட்டார மாவிலியரை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

அரிசி, கோதுமை, சீனி, கிழங்கு நான்கையும் விலக்கி, முட்டை, மீன், கறி, தேங்காய், கீரை, நெய் என்று வாழத் துணிந்தவர்களை இக்கட்டுரை 'மாவிலியர்' என்று குறிக்கும். இவர்களுக்குப் பசி ஒரு சிக்கலே அல்ல. மூன்று முட்டையும் ஒரு துண்டு சீலா மீனும் உள்ளே போனால் எந்த வயிறும் அடங்கிவிடும். அடங்காதது நாக்கு. வயிறு நிறைந்த பின்னும் ஒரு கடலைமிட்டாயை நினைத்து ஏங்கும் நிலையைத் தொல்காப்பியர் தனியே வகுக்கவில்லை, உரையாசிரியர்களும் கண்டுகொள்ளவில்லை. இந்த நெடுங்கால இடைவெளியை நிரப்புவதே இவ்வாய்வின் நோக்கம்.

2. ஆய்வுக் களம்

களமாகப் பாஞ்சாலங்குறிச்சியைத் தேர்ந்ததற்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று, கிஸ்தி கேட்டு வந்தவனை எதிர்த்து நின்ற ஊர் என்று தமிழ்கூறும் நல்லுலகம் முழுவதும் பெயர் வாங்கியது அது. நாக்கு கேட்பதும் ஒருவகைக் கிஸ்திதான். இரண்டாவது காரணம் நிலவியல் சார்ந்தது. இந்த ஊரைச் சுற்றி எல்லாத் திசையிலும் தின்பண்டம் பாளையம் இறங்கியிருக்கிறது. வடமேற்கே கோவில்பட்டிக் கடலைமிட்டாய். வடக்கே சாத்தூர்ச் சேவு. தென்கிழக்கே தூத்துக்குடி மக்ரூன். தெற்கே உடன்குடிக் கருப்பட்டி. தென்மேற்கே திருநெல்வேலி அல்வா. போதாக்குறைக்கு, கடலைமிட்டாய்க்கு 2020-இலும் உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-இலும் புவிசார் குறியீடு வழங்கி, எதிரிப் படைக்கு அரசு முத்திரையும் குத்தியாகிவிட்டது. 1799 செப்டம்பர் 5-ஆம் நாள் கோட்டையைத் தாக்கிய மேஜர் பானர்மேனிடம் பெரிய பீரங்கி இல்லாததால் அன்றைய தாக்குதல் தோற்றது. அல்வா இருந்திருந்தால் அன்றைக்கே கதவு திறந்திருக்கும் என்று இவ்வாய்வாளர் கருதுகிறார்.

3. முன்னாய்வுகள்

இத்துறையின் ஆதி நூல் லண்டனில் 1863-இல் வெளிவந்தது. எழுதியவர் வில்லியம் பாண்டிங். பிண ஊர்வலம் நடத்திக்கொடுப்பது குடும்பத் தொழில். உடம்பு பெருத்து, குனிந்து ஷூக் கயிறு கட்ட முடியாமல், மாடிப்படியில் பின்பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தவர், ரொட்டி, சீனி, பீர், உருளைக்கிழங்கை விட்டதும் இளைத்து, அதைச் சிறு நூலாக அச்சிட்டார். இவருடைய நிறுவனம் 1852-இல் வெலிங்டன் பிரபுவின் இறுதி ஊர்வலத்தை நடத்தியது. அந்த வெலிங்டன்தான் 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவுக்கு எதிராக நின்ற படைத்தலைவர்களில் ஒருவர். அதே ஆண்டில்தான் பாஞ்சாலங்குறிச்சியும் விழுந்தது. ஆகவே மாவிலியத்துக்கும் பாஞ்சாலங்குறிச்சிக்கும் உள்ள தொடர்பு ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்படுகிறது. இதைவிட மெலிந்த சான்றுகளுக்கெல்லாம் பல்கலைக்கழகங்கள் பட்டம் வழங்கியுள்ளன.

பின்னர் 1921-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் ரஸ்ஸல் வைல்டர் கால்கை வலிப்புக்காகக் கீட்டோ உணவை வகுத்தார். 1972-இல் அட்கின்ஸ் எழுதிய நூல் அதை எடைக் குறைப்புக்குக் கொண்டுவந்தது போலாயிற்று. தமிழில் நியாண்டர் செல்வன் வழியாகப் பேலியோ பரவி, 'நூறு பாதாம்' என்பது காலை உணவின் பெயராகவே ஆனது.

ஆயினும் ஏக்கம் பற்றிய தலையாய ஆய்வு 1944, 45 ஆண்டுகளில் மினசோட்டாவில் ஆன்சல் கீஸ் நடத்தியது. போருக்குப் போக மனச்சாட்சி ஒப்பாத 36 இளைஞர்கள் தாமாக முன்வந்து அரைவயிற்றுக்கு உண்டார்கள். சில மாதத்தில் சாப்பாட்டைத் தவிர வேறு பேச்சு அவர்களுக்கு இல்லாமல் போயிற்று. சமையல் புத்தகங்களை உட்கார்ந்து வாசித்தார்கள். இதிலிருந்து பெறப்படும் பாடம் ஒன்று உண்டு: மாவை விலக்குகிறோம் என்று மீனையும் முட்டையையும் சேர்த்துக் குறைப்பவருக்கு நாக்கு அடங்காது. அரைப்பட்டினியில் கிடப்பவர் கடலைமிட்டாய்க்கு ஏங்கினால் அது பசி. அதற்குத் திணை வகுக்கத் தேவையில்லை, சோற்றுக்குப் பதில் இன்னொரு மீன் துண்டு வைத்தால் போதும்.

4. கருதுகோள்

கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டு 200 ஆண்டு நிறைந்த 1999-இல், ஜப்பானில் கோஜிமா, கங்காவா குழுவினர் கிரெலின் என்ற சுரப்பைக் கண்டறிந்தனர். இரைப்பையில் பெரிதும் சுரந்து, மூளையிடம் போய்ச் சாப்பாடு கேட்பது இதன் வேலை. நாம் வழக்கமாகச் சாப்பிடும் நேரத்துக்குச் சற்று முன் இது ஏறும். அந்த நேரத்தில் ஒன்றும் கொடுக்காவிட்டாலும், கொஞ்ச நேரத்தில் தானாகவே இறங்கிவிடும். கேட்டுவிட்டு, கிடைக்காவிட்டால் திரும்பிப் போகும் தண்டல்காரன் இது. கிஸ்தி கேட்ட ஜாக்சன் துரைக்கு இந்தக் குணம் இருந்திருந்தால் நமக்கு ஒரு சினிமா குறைந்திருக்கும்.

எனவே இவ்வாய்வின் கருதுகோள்: ஏக்கம் என்பது குணக்கேடு அல்ல, கடிகாரக் கோளாறு. பொழுதை அறிந்தால் ஏக்கத்தை அறியலாம். பொழுதை வகுத்தவர்களோ நம் முன்னோர்.

5. திணைப் பகுப்பு

5.1. வைகறை: மருதம். உரிப்பொருள் ஊடல். கருப்பொருள் கருப்பட்டிக் காப்பி. விடிந்ததும் அடுப்படியில் தொடங்கும் இந்த ஊடலில் எதிர்த்தரப்பு வாதம் எப்போதும் ஒன்றே: "கருப்பட்டி என்ன சீனியா? அது பனையில இருந்துல்லா வருது!" இவ்வாதத்தினரைக் 'கருப்பட்டியர்' எனலாம். இவர்களுடைய மரபுப்பற்று போற்றத்தக்கது; வேதியியல்தான் உதைக்கிறது. பதநீரைக் காய்ச்சி வற்றவைத்து எடுக்கும் கருப்பட்டியில் பெரும்பங்கு சுக்ரோஸ். கரும்பிலிருந்து வரும் சீனியிலும் இருப்பது அதே சுக்ரோஸ். பனையேறி வந்தாலும் இரத்தத்தில் அது சர்க்கரைதான்.

5.2. நண்பகல்: பாலை. உரிப்பொருள் பிரிதல். பிரிந்தது சோறு. இந்தியர் உண்ணும் உணவின் ஆற்றலில் 60 விழுக்காட்டுக்கு மேல் மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்கின்றன ஐ.சி.எம்.ஆர்-இந்தியாப் ஆய்வுகள். நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் என்று 2023-இல் சொன்னதும் இவையே. ஆனால் பிரிவுத்துயர் புள்ளிவிவரத்துக்குக் கட்டுப்படுவதில்லை. தட்டில் மீன்குழம்பு இருக்கும். அதை வாங்கிக்கொள்ள ஆள் இருக்காது. சோற்றுக்கு நிகராகத் துருவிய காலிஃபிளவரை ஆவியில் வேகவைத்து வைக்கும் மரபு உண்டு. இது தலைவன் பிரிந்த காலத்தில் தலைவன் பெயரைக் கொண்ட இன்னொருவரை உட்கார வைப்பதற்குச் சமம். ஆயினும் நெத்திலிக் குழம்பு நன்றாக அமைந்தால், முதல் நாலு வாய்க்குப் பிறகு தலைவி அதிகம் கவலைப்படுவதில்லை.

5.3. எற்பாடு: நெய்தல். உரிப்பொருள் இரங்கல். மாலை நாலு மணி, டீக்கடை. இந்த வட்டாரத்தில் மிக அதிகமாகத் தோல்வி நிகழும் பொழுது இது. பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தால் கண்ணுக்கு நேரே கண்ணாடிப் பாட்டில். உள்ளே கடலைமிட்டாய், வெயில் பட்டுப் பாகு மினுங்க, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். தகரமூடி திறக்கும் சத்தம் கேட்டாலே போதும். இங்கே சட்ட நுணுக்கம் ஒன்று உண்டு. கடலை குற்றமற்றது: நூறு கிராமில் ஏறக்குறைய 25 கிராம் புரதம், 50 கிராமுக்குச் சற்றுக் குறைவாகக் கொழுப்பு. குற்றவாளி வெல்லப்பாகு. இரண்டையும் பிரிக்க முடியாதபடி ஒட்டவைத்ததுதான் கோவில்பட்டியின் மேதைமை. தீர்வு எளிது: பாகு சேருமுன் உள்ள வறுகடலை ஒரு கைப்பிடி, சீனியில்லாத டீ. பாட்டிலுக்கு முதுகு காட்டி உட்காருதல் நலம்.

5.4. மாலை: முல்லை. உரிப்பொருள் இருத்தல், அதாவது காத்திருத்தல். கருப்பொருள் மக்ரூன். தூத்துக்குடிக்குப் போன உறவினர் மாலை பஸ்ஸில் வருவார். கையில் பேக்கரி டப்பா இருக்கும். முந்திரி, முட்டையின் வெள்ளைக்கரு, சீனி மூன்றே பொருள். மூன்றில் இரண்டுக்கு மாவிலியர் அட்டவணையில் இடமுண்டு என்று பலர் மனத்துக்குள் கணக்குப் போடுகிறார்கள். தேர்வில் மூன்றில் இரண்டு என்றால் முதல் வகுப்பு. இங்கே அப்படி இல்லை. மக்ரூனுக்கு வெள்ளைக்கரு மட்டுமே தேவை என்பதால் மீந்துபோகும் மஞ்சள்கருவுக்கு மாவிலியர் தாராளமாகப் பாத்தியதை கோரலாம்.

5.5. யாமம்: குறிஞ்சி. உரிப்பொருள் புணர்தல். கருப்பொருள் பரோட்டாவும் சால்னாவும். கரிசல்காட்டில் குறிஞ்சி எங்கே வந்தது என்று புலவர்கள் கேட்கலாம். பரோட்டாக் கடையில் அடுக்கிய மலையைப் பார்த்தவர் கேட்கமாட்டார். மாஸ்டர் மாவை வீசி, விசிறி, சுருட்டி, கல்லில் போட்டு எடுத்து, நாலைந்தைச் சேர்த்துவைத்து இரு கையாலும் நெரித்து அடிக்கும்போது அடுக்கு விரியும், ஆவி கிளம்பும். ஒன்றில் ஏறக்குறைய 30 கிராம் மாவுச்சத்து. கடுமையான மாவிலியரின் ஒருநாள் கணக்கே 50 கிராமுக்குள் என்பதால், இரண்டாவது பரோட்டாவோடு அன்றைய நிர்வாகம் கவிழ்கிறது. பரோட்டாக் கடைக்கே போகாதே என்பது நடைமுறைக்கு ஒவ்வாத அறிவுரை. அதே மேசையில் உட்கார்ந்து சுக்காவும் கலக்கியும் சொல்வதே உத்தி. நண்பர்களும் இருப்பார்கள், சத்தமும் இருக்கும், மணமும் இருக்கும். ஏங்கியதில் பாதி அந்தக் கூட்டத்துக்குத்தான் என்பது அப்போது தெரியவரும்.

6. புறனடை: உப்பு

மாவை விட்ட முதல் வாரத்தில் தலைவலி, சோர்வு, எரிச்சல் வந்து, "சோறு இல்லாமத்தான் இப்படி" என்று வீடே தீர்ப்புச் சொல்லும். இன்சுலின் குறையும்போது சிறுநீரகம் உப்பையும் தண்ணீரையும் கூடுதலாக வெளியேற்றுவது இதற்கு முக்கிய காரணம். இரத்தக்கொதிப்பு இல்லாதவருக்கு உப்புப் போட்ட எலும்புச்சாறு ஒரு கிண்ணம் போதும். நாட்டில் குஜராத்துக்கு அடுத்தபடியாக உப்பு விளைவிக்கும் தூத்துக்குடியின் கூப்பிடு தூரத்தில் உட்கார்ந்துகொண்டு உப்புக் குறைந்து வாடுவது வட்டாரத்துக்கே இழுக்கு.

7. உட்பகை

ஐந்து பொழுதையும் வென்றவர் வீட்டுக்குள் தோற்பதுண்டு. "ஒண்ணே ஒண்ணு தின்னா என்ன செஞ்சிரப் போவுது தம்பி?" என்று தட்டை நீட்டும் மதினியை எந்தப் பீரங்கியும் தடுக்காது. ஊர்வழக்கில் இந்த இடத்தில் எட்டப்பன் பெயரைச் சொல்வார்கள். எட்டயபுரத்தார் மனம் நோகும் என்பதால் இவ்வாய்வு அதைத் தவிர்க்கிறது. மேலும் மதினி செய்வது துரோகம் அல்ல, விருந்தோம்பல். விருந்தோம்பலிடம் மறுப்புச் சொல்ல வழி ஒன்று உண்டு: "வேண்டாம்" என்னாமல், "அந்த மீன் துண்டு இன்னொன்னு வைங்க மதினி" என்று கேட்டுவிடுவது. பரிமாறிய திருப்தி அவர்களுக்கு, புரதம் நமக்கு.

8. ஊமைத்துரைத் தேற்றம்

கோட்டை ஒருநாள் விழத்தான் செய்யும். விழுந்த அன்று மாவிலியர் வழக்கமாகச் சொல்வது: "சரி, இந்த வாரம் போகட்டும், திங்கட்கிழமை தொடங்கலாம்." இங்கே வரலாறு வேறு பாடம் சொல்கிறது. 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை திங்கட்கிழமைக்குக் காத்திருக்கவில்லை. வெள்ளையர் தரைமட்டமாக்கிய மண்கோட்டை சில நாளிலேயே மறுபடி எழுந்து நின்றது. மார்ச் 31-இல் வந்த தாக்குதலையும் அது தாங்கியது. மே 24-இல்தான் விழுந்தது. ஆகவே தேற்றம்: இரவு பரோட்டா தின்றவர் மறுநாள் காலை முட்டையிலிருந்து சுவரை எழுப்புக.

அதன் பிறகு கோட்டை இருந்த இடத்தை உழுது ஆமணக்கு விதைத்ததாகச் சொல்வார்கள். அது உண்மையானால், பாஞ்சாலங்குறிச்சியில் எண்ணெய்வித்தை முன்னிறுத்திய முதல் மாவிலியர் கும்பினியாரே ஆவர். இது தனியே ஆராயத்தக்கது.

9. முடிவுகள்

அ. ஏக்கம் பொழுது பார்த்து வருகிறது. கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தால் போகிறது.
ஆ. ஒவ்வொரு பொழுதுக்கும் மாற்றுப் பண்டம் ஒன்று முன்கூட்டியே கையில் இருக்கவேண்டும். கடைக்குப் போன பிறகு யோசிப்பவர் யோசிப்பதில்லை.
இ. வயிறாரச் சாப்பிடாதவருக்கு மேற்சொன்ன எதுவும் பலிக்காது.
ஈ. சுகருக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் மருத்துவரிடம் கேளாமல் சோற்றை நிறுத்தக்கூடாது. மருந்தின் அளவு பழைய சோற்றுக்குக் கணக்கிட்டது. சோறு மட்டும் போனால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி ஆபத்தாகும்.

10. மேலாய்வுக்குரிய களம்

கல்யாண வீட்டுப் பந்தி எந்தத் திணையிலும் அடங்கவில்லை. பொழுது வேறு, இலை வேறு, பாயசத்தோடு நிற்பவர் பெண்ணின் தாய்மாமன். அவரை மறுப்பது எப்படி என்பது குறித்து முழுநேர முனைவர் பட்ட ஆய்வு தொடங்கவேண்டும். நெறியாளர் தேவை. சுகர் உள்ள பேராசிரியர்களுக்கு முன்னுரிமை.