அஞ்சு ஓட்டை ரிம்

எங்கள் வீட்டுப் பின்சுவரில் ஓர் அலோய் ரிம் தொங்குகிறது. தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் குழாயை அம்மா அதில்தான் சுற்றி வைப்பார். இன்னொரு ரிம் கறிவேப்பிலைக் கன்றுக்கு வேலி. மூன்றாவதற்குள் கோழிகளின் தண்ணீர்ச் சட்டி, கவிழாமல் இருக்கிறது. நான்காவது என் கட்டிலுக்கடியில். நாலும் சேர்ந்து ஒரு இலட்சத்து இருபதாயிரம் ரூபாய். கறிவேப்பிலைக்கு இவ்வளவு செலவில் வேலி போட்டவன் கண்டிக்கு மேலுள்ள ஹந்தானையில் நான் ஒருவன்தான்.

என்னுடையது சுசுக்கி ஸ்விப்ட், 1300 சிசி. பின்பக்கம் உருண்டையாக இருக்கும்; நம் இலங்கையில் இந்த உருவத்துக்குப் ‘பீட்டல்’ என்று பட்டப்பெயர். நான் பாட்டுக்கு ஓட்டிக்கொண்டுதான் இருந்தேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு மறுபடி வழி விட 2025 பெப்ரவரி ஆனது. நடுவிலே பழைய கார் வைத்திருந்தவனெல்லாம் காணிக்காரன் மாதிரி நெஞ்சை நிமிர்த்தி நடந்தான். 2022இல் பெட்ரோலுக்குக் கியூஆர் அட்டை வந்தது. காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர். ஹந்தானையிலிருந்து கண்டிக்கு இறங்கி ஏறினாலே அதில் ஒரு பங்கு போய்விடும். ஆகவே கார் முற்றத்திலேயே நின்றது. ஓடாத காரைச் சுற்றிச் சுற்றி நடப்பவனுக்குக் கடைசியில் கண்ணில் படுவது சில்லுதான்.

வியாதியின் விதை பழையது. பத்து வயதில் மாமா என்னை ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியா கூட்டிப் போனார். பூ பார்க்கத்தான். ஆனால் அன்றைக்கு மஹகஸ்தோட்ட மலையேற்றப் பந்தயம். 1934இல் தொடங்கிய பந்தயம் அது. வெள்ளைக்காரத் துரைமார் காலத்திலிருந்து கார்கள் அந்தத் தேயிலைச் சரிவில் ஒவ்வொன்றாக ஏறி நேரத்தோடு போட்டி போடுகின்றன. ஒரு சின்னக் கார் வளைவில் உள்சில்லைத் தூக்கிக்கொண்டு போனது. நான் பூ பார்க்கவில்லை.

முப்பது வருடம் கழித்து அந்தக் கார் எனக்குள் மறுபடி உறுமியது. பஞ்சிகாவத்தைக்குப் போனேன். கொழும்பில் பழைய உதிரிப்பாகத்துக்கென்றே வாழும் தெரு. ஜப்பானில் கழற்றிய காரின் எந்த எலும்பும் அங்கே கிடைக்கும். ஒரு கடையில் 16 அங்குல ரிம் நாலு, சுவரில் சாமி படம் மாதிரி மாட்டியிருந்தது.

“நானா, இது எவ்வளவு?”

“என்ன வாகனம் தம்பி?”

இங்கேதான் நான் அந்தப் பொய்யைச் சொன்னேன். பக்கத்தில் இரண்டு இளவட்டங்கள் நின்றார்கள். “ஸ்விப்ட்” என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். “ஸ்விப்ட் ஸ்போர்ட்” என்றேன்.

“அப்ப இது உங்களுக்குன்னே வந்தது” என்றார் நானா, முழு நேர்மையோடு.

கடுகண்ணாவ ஏற்றத்தில் பின்சீட்டு ரிம்களைக் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து ஓட்டினேன். வீட்டில் ஜாக்கி போட்டு, முன்சில்லைக் கழற்றி, புது ரிம்மைத் தூக்கி வைத்தால் உட்காரவில்லை. திருப்பினேன், துடைத்தேன், தேங்காயெண்ணெய்கூடத் தடவினேன். என் மனைவி வாசற்படியில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னாள்: “ஏங்க, நம்ம காருல நாலு நட்டுத்தானே இருக்கு? இதுல அஞ்சு ஓட்டை இருக்கே.”

ஸ்போர்ட் காரின் சில்லுக்கு ஐந்து நட்டு. நட்டுகள் நிற்கும் வட்டத்தின் விட்டம் 114.3 மில்லிமீற்றர். என்னுடையதற்கு நாலு நட்டு, வட்டம் 100. ஒரே வயிற்றுப் பிள்ளைகள்தான், செருப்பு மட்டும் வேறு அளவு. கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்கப் போக எனக்கு வாய் இல்லை. என் கார் ஸ்போர்ட் இல்லை என்று அந்தத் தெருவில் ஒப்புக்கொள்வதைவிடக் கறிவேப்பிலைக்கு வேலி போடலாம்.

நோய் அத்தோடு தீரவில்லை. கூட்டுறவுக் கடன் எடுத்து, நாலு ஓட்டையை மூன்று தரம் எண்ணி, கண்டியிலேயே இரண்டாவது செட் வாங்கினேன், டயரோடு. என் காருக்குப் பிறவியில் 165/70, 14 அங்குலம். அதாவது ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவே பதினொன்றரை சென்ரிமீற்றர் உயரத்துக்கு ரப்பர்ச் சுவர். புதுசு 195/45, 16 அங்குலம். மொத்த உயரம் ஏறக்குறைய அதேதான், ஆனால் ரப்பர்ச் சுவர் ஒன்பது சென்ரிமீற்றருக்கும் குறைவு. மெத்தையை எடுத்துவிட்டுக் கட்டிலைப் பெரிதாக்கினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

“பாவிச்சதே இல்லை” என்று சொல்லித்தான் டயர்களைக் கொடுத்தார்கள். பொய்யில்லை. டயர்ப் பூவெல்லாம் கத்தி மாதிரி இருந்தது. ஆனால் டயரின் கன்னத்தில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். முதல் இரண்டும் வாரம், பின் இரண்டும் வருடம். என்னுடையதில் 1814. 2014ஆம் ஆண்டின் பதினெட்டாவது வாரம். என் மகள் அந்த வருடம் ஜூனில் பிறந்தவள். நான் டயர் வாங்கியபோது புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். டயர் அவளுக்கு ஒரு மாதம் மூத்தது. பத்து வருடம் கிடந்த ரப்பர் இறுகிப்போகும், நகத்தால் குத்தினால் நகம்தான் மடங்கும். ஆசியாவின் ரப்பர் கதையே நம்மூர்ப் பக்கம் ஆரம்பித்தது. 1876இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து வந்த கன்றுகளைப் பேராதனைத் தாவரவியல் தோட்டத்துத் துரைமார்தான் கம்பஹா ஹெனரத்கொடவில் நட்டார்கள். நான் அந்தப் பேராதனைக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு காய்ந்த ரப்பர் வாங்கி வந்தேன்.

அடுத்தது உயரம். சில்லுக்கும் மட்காட்டுக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. அது கௌரவக் குறைச்சலாகப் பட்டது. உயரத்தைத் திருகிக் குறைக்கிற ஷொக் செட் வாங்கக் காசில்லை. ஸ்பிரிங்கை வெட்டிவிடலாம் என்று கராஜுக்குப் போனேன். பாஸ் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“மாத்தயா, கபன்ன புளுவன். அலவன்ன பே.”

வெட்டலாம், ஒட்ட முடியாது. இனப் பிரச்சினை தொடங்கி இடுப்புவலி வரைக்கும் பொருந்தும் பேச்சு. நான் தலையாட்டினேன். கிரைண்டர் பொறி பறக்க ஒன்றரைச் சுற்று விழுந்தது. ஸ்பிரிங்கைக் குட்டையாக்கினால் மென்மையாகும் என்று நினைத்திருந்தேன். நேர்மாறு: சுற்று குறையக் குறைய அது முறைக்கும். மேலும் கீழும் ஆட ஷொக்குக்கு இடமும் இல்லை. பள்ளத்தில் இறங்கினால் உள்ளே ரப்பர்க் குற்றியில் போய் ‘டக்’ என்று மோதும்.

அம்மாவுக்கு மாதம் ஒரு முறை ஆஸ்பத்திரியில் கிளினிக். காலை ஆறு மணிக்குச் சேலை கட்டி வெளியே வந்தவர் அப்படியே நின்றார்.

“தம்பி, காரு ஏன் குந்திக்கிட்டு இருக்கு? காத்து எறங்கிருச்சா?”

“ஸ்டைல் அம்மா.”

ஏறி உட்கார்ந்தார். ரோட்டை அறுத்துப் போகும் முதல் கானிலே “முருகா” என்றார். இரண்டாவதில் “அப்பனே”. தேயிலை நூதனசாலை வளைவுக்குள் கந்தசஷ்டி முழுக்க முடிந்திருந்தது. ஹந்தானை ரோட்டு ஆஸ்பத்திரிப் பக்கம்தான் போய் இறங்குகிறது; இவ்வளவு நாளும் அது ஏன் என்று எனக்குத் தெரியாமலிருந்தது. வாசலில் இறங்கிய அம்மா இடுப்பில் கை வைத்து, “வரும்போது நான் ஓட்டோவுல வர்றேன், நீ பாத்து வா” என்றார். மூன்று சில்லு வண்டி, பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடியது, சீட்டில் கிழிசல். அதைவிட என் கார் மோசம்.

அன்று பின்னேரம் மழை. ஹந்தானை மழை சத்தமில்லாமல் வரும். முதலில் மலையைக் காணோம், அப்புறம் ரோட்டைக் காணோம். 1925இல் தேயிலைத் தொழிற்சாலையாகக் கட்டி, 2001இல் நூதனசாலையான அந்த நாலு மாடிக் கட்டடத்துக்குக் கீழுள்ள வளைவில், கிழட்டு டயர்கள் நாலும் ஒருமனதாக வழுக்கின. வேகம் இருபதுகூட இருக்காது. கார் கானுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. கால் நடுங்க உட்கார்ந்திருந்தபோது பின்னால் ‘பீப்’ என்று ஒரு மெல்லிய சத்தம். எங்கள் பக்கத்து ஓய்வுபெற்ற கணக்கு மாஸ்டர், தன் பழைய ஒஸ்டின் மினியில் கைகாட்டிவிட்டு வளைவில் ஏறிப் போனார். அவருக்குப் பின்னால் கொழுந்து ட்ராக்டர். அதுவும் கைகாட்டியது.

மறுநாள் மாஸ்டர் வீட்டில் பிளேன்ரீ. மினியின் சில்லு 10 அங்குலம். ஒரு தோசைக்கல் அளவுதான். 1959இல் வெளிவந்த அந்தக் காரை வரைந்த இஸிகோனிஸ், சில்லு சின்னதாக இருந்தால்தான் உள்ளே ஆள் உட்கார இடம் கிடைக்கும் என்று கணக்குப் போட்டாராம். ஸ்பிரிங்குக்குப் பதிலாக ரப்பர்க் கூம்பு. அந்தத் தோசைக்கல்லோடு ஆல்ப்ஸ் மலை வளைவுகளில் ஓடி மொன்டி கார்லோ ரலியை 1964, 1965, 1967 என்று மூன்று முறை வென்றது. மாஸ்டர் இதைச் சொன்னபோது நான் பிளேன்ரீக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ரிம்மு பெருத்தா என்ன கெடுதி சேர்?” என்று கேட்டேன்.

அவர் ஜன்னல் வழியாகக் கைகாட்டினார். மேல் மலையில் பெண்கள் கூடையை நெற்றிக் கயிற்றில் முதுகில் தொங்கவிட்டுக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். “அந்தக் கூடையில இருக்கிற பாரத்தில ரெண்டு கிலோவை எடுத்துக் கணுக்காலில கட்டிவிட்டா அந்தப் பிள்ளை மலை ஏறுமா? ஸ்பிரிங்குக்கு மேல இருக்கிற பாரம் கூடை. கீழ இருக்கிற பாரம் கணுக்கால்.”

என் அம்மா முப்பது வருடம் அந்தக் கூடையைச் சுமந்தவர். அவரிடமே கேட்டிருக்கலாம்.

இப்போது காரில் பழைய 14 அங்குல இரும்பு ரிம், நாட்டிலேயே செய்த புது டயர், வெட்டாத ஸ்பிரிங், புது ஷொக். எலைன்மென்டும் பார்த்தாயிற்று. செலவு போதுமான அளவு. பார்க்கிறவர்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது என்பது மட்டும்தான் வருத்தம். ஒரு நாள் தெருவில் நின்ற பையனிடம் “டயர் மாத்தினேன்” என்று நானாகவே சொன்னேன். அவன் “ஆ” என்றான்.

இரண்டாவது செட் போன மாதம் விற்றுப்போனது. அஞ்சு ஓட்டைச் செட்டுக்கும் நேற்று ஆள் வந்தது. வீடமைப்புத் திட்டத்துப் பையன், இருபத்திரண்டு வயது இருக்கும். குழாயை அவிழ்த்து, கோழியை விரட்டி, ரிம்முகளைக் கழுவி வரிசையாக வைத்தேன். அவன் குந்தி உட்கார்ந்து விரலால் தடவித் தடவிப் பார்த்தான். அந்தத் தடவல் எனக்குத் தெரியும்.

“என்ன கார் தம்பி?”

“ஸ்விப்ட் ஸ்போர்ட் அண்ணே” என்றான், என் கண்ணைப் பார்க்காமல்.

நான் வாய் திறக்குமுன் குசினி ஜன்னலிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது:

“காசு குடுக்கிறதுக்கு முன்னாடி வீட்டுக்குப் போய் நட்டை எண்ணிட்டு வாங்க தம்பி!”